பருத் தழும்பும் தாது உப்பும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சின்னதாகத் தோன்றலாம். முகத்தில் பரு வந்து போன இடத்தில் தங்கிவிடும் தழும்பு; அந்தத் தழும்பைத் தாது உப்பு மாத்திரை ஆற்றுமா என்ற கேள்வி. ஊரில் எத்தனையோ பெரிய நோய்கள் இருக்க, இதற்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரியில் குழுப்படம் எடுக்கும்போது ஆள் மறைவில் போய் நிற்கும் பிள்ளை யார்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கண்ணாடி முன்னால் கண் கலங்குவது யார்? நேர்முகத் தேர்வில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் முகத்தை நிமிர்த்தத் தயங்குவது யார்? தழும்பு உயிரை எடுப்பதில்லை. ஆனால் ஒருவரின் தைரியத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே இது சின்ன விஷயமில்லை.

தைரியம் இழந்தவரிடம் எதையும் விற்கலாம். கைப்பேசியைத் திறந்தால் போதும்: துத்தநாகம், செலினியம், சிலிக்கா, தாமிரம், கடற்பாசிப் பொடி என்று வரிசை கட்டி நிற்கின்றன. “இயற்கைத் தாதுக்கள், பக்கவிளைவே கிடையாது, தழும்பு இருந்த இடம் தெரியாது” என்கிறார்கள். உண்மையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாது உப்பு இல்லாமல் புண் ஆறாது. ஆனால், ஆறி முடிந்த குழியைத் தாது உப்பு நிரப்பாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் விளக்குவதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில், தழும்பு என்று எதைச் சொல்கிறோம்? அந்த ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று கறை. இன்னொன்று குழி. மூன்றாவது மேடு.

பரு ஆறிய இடத்தில் சிவப்பாகவோ கறுப்பாகவோ நிற்கிறதே, அது கறை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பெரும்பாலும் கறுப்பாக நிற்கும். அழற்சி ஏற்பட்டதும் நிறமிச் செல்கள் மெலனினைக் கூடுதலாகச் சுரந்துவிடுகின்றன, அவ்வளவுதான். அங்கே தோல் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. குழி அப்படியல்ல. பருவின் அழற்சி ஆழத்துக்கு இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத நாரை அழித்துவிட்டது. அழிந்த அளவுக்கு உடல் திரும்பக் கட்டவில்லை. மேடு இதற்கு நேர் எதிர். உடல் தேவைக்கு மேல் கட்டிவிட்டது. தாடை ஓரத்திலும் மார்பிலும் முதுகிலும் இது அதிகம் வரும்.

உங்களுடையது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்களை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். எதுவும் தட்டுப்படவில்லையா? கறை. பிறகு இருட்டறையில் கன்னத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுகிறதா? குழி.

இந்தப் பாகுபாட்டை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? மாத்திரைகளுக்குக் கிடைக்கும் புகழின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. கறை, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மங்கும். ஆழத்தில் இறங்கிய கறைக்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும். அந்தச் சில மாதங்களும் ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வையுங்கள். கறை மங்குகிறது. பெயர் யாருக்கு? மாத்திரைக்கு! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விளம்பரத்தில் “முன்பு, பின்பு” என்று இரண்டு படங்கள் போடுகிறார்களே, இனிமேல் அவற்றில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும் குழி, நேர் வெளிச்சத்தில் தெரியாது. ஒரு காசு செலவில்லாமல், ஒரு நிமிடத்தில், விளக்கை நகர்த்தியே குழியை மறைத்துவிடலாம்!

சரி, அப்படியானால் தாது உப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பெரிய வேலை இருக்கிறது.

புண் ஆறும் இடத்தில் கட்டட வேலை நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புரதம்தான் செங்கல். தாது உப்பு, கொத்தனார் கையில் இருக்கும் கரணை. உடலில் புதுக் கொலாஜன் முறுக்கேற வேண்டுமானால் இரும்பும் வைட்டமின் சி-யும் வேண்டும். முறுக்கேறிய நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். பழுதான பழைய நாரை வெட்டி அப்புறப்படுத்தும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். புதுச் செல் பிரிந்து பெருகவும் துத்தநாகம் வேண்டும். கரணை இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். ஆனால் ஒரு கொத்தனார் கையில் பத்துக் கரணைகளைக் கொடுத்தால் சுவர் பத்து மடங்கு வேகமாக எழும்பிவிடுமா? வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, வாசலில் கரணையைக் கொண்டுபோய் வைத்தால் சுவர் தானாக வளருமா?

துத்தநாகத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த உப்புகளில் முகப்பருவுக்காக அதிகம் ஆராயப்பட்டது அதுதான். அந்தக் கதை ஒரு இந்தியரிடமிருந்து தொடங்குகிறது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

பீகாரில் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்கா சென்றவர் ஆனந்த பிரசாத். அவர் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது ஒரு இளைஞரைக் கண்டார். வயது 21. பார்ப்பதற்கோ 10 வயதுச் சிறுவன். வளர்ச்சி இல்லை, பருவ மாற்றம் இல்லை, தோல் வறண்டு தடித்திருந்தது. சாப்பாடு என்ன என்று விசாரித்தால் ரொட்டி, ரொட்டி, மறுபடியும் ரொட்டி. அதோடு களிமண் தின்னும் பழக்கம். இந்த நோய்க்கூட்டத்தைப் பற்றி அவர் 1961-இல் எழுதினார். அடுத்து எகிப்தில் இதே நோயுள்ள இளைஞர்களிடம் செய்த ஆய்வுகளில், காரணம் துத்தநாகக் குறைவு என்று உறுதிப்பட்டது. அதுவரை மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்பதையே மருத்துவ உலகம் நம்பவில்லை. துத்தநாகம் கொடுத்ததும் அந்த இளைஞர்கள் வளர்ந்தார்கள்.

1967-இல் அமெரிக்காவில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் விமானப்படை வீரர்களில் ஒரு பாதிப் பேருக்குத் துத்தநாக சல்பேட் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களுக்குப் புண் ஆறச் சராசரியாக 80 நாள். கொடுத்தவர்களுக்கு சுமார் 46 நாள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் பின்னர் நாள்பட்ட கால் புண் உள்ளவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பலன் பொதுவாகத் தெரியவில்லை. உடலில் துத்தநாகம் குறைந்தவர்களுக்கே அதனால் உதவி கிடைக்க வாய்ப்பு. போதிய அளவு உள்ளவருக்கு மேலும் மேலும் கொடுத்துப் பயனில்லை.

முகப்பருவுக்கு வருவோம். 1977-இல் சுவீடனின் உப்சாலாவில் மிகேல்சன் என்ற தோல் மருத்துவரும் சக ஆய்வாளர்களும் துத்தநாகம் பருவைக் குறைப்பதாக எழுதினார்கள். அதன்பின் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றில் 2001-இல் வெளியான ஒன்றைச் சொல்கிறேன். 332 நோயாளிகளுக்கு 3 மாதச் சிகிச்சை. ஒரு பிரிவுக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகம்; மற்றப் பிரிவுக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். முடிவு என்ன? துத்தநாகப் பிரிவில் நூற்றுக்கு 31 பேரிடம் நல்ல பலன். ஆன்டிபயாடிக் பிரிவில் நூற்றுக்கு 63 பேரிடம். அதாவது துத்தநாகம் வேலை செய்கிறது. மருந்து செய்வதில் ஏறக்குறைய பாதி செய்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த ஆய்வுகளில் அளந்தது எதை? தழும்பையா? இல்லை. சிவந்து வீங்கிய பருக்களை எண்ணினார்கள். பரு குறைந்தால் புதுத் தழும்பு குறையும், உண்மை. ஆனால் பருவைக் குறைத்ததற்கான சான்றைக் காட்டி, தழும்பை மறைக்கும் என்று மாத்திரை விற்பது எந்த ஊர் நியாயம்?

மற்ற தாதுக்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிலிக்கா: வெயிலில் பாதிக்கப்பட்ட தோலின் சொரசொரப்பு கொஞ்சம் குறைவதாகச் சிறிய ஆய்வு உண்டு. அதற்கும் பருக் குழிக்கும் சம்பந்தமில்லை. தாமிரம்: கலப்பான சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்குக் குறைவது அரிது. கடற்பாசி: இதில்தான் எச்சரிக்கை வேண்டும். அதில் அயோடின் மிகுதி. அளவுக்கு மிஞ்சிய அயோடின் சிலருக்குப் பருவைக் கிளப்பிவிடும். தழும்புக்கு மருந்து தேடிப்போய்ப் புதுப் பருவை வாங்கி வருவதா?

செலினியத்துக்கு மட்டும் ஒரு சம்பவம் சொல்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்து விற்பனையானது. தயாரிப்பில் தவறு நேர்ந்து, லேபிளில் போட்டிருந்ததைப் போலச் சுமார் 200 மடங்கு செலினியம் அதில் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, களைப்பு, மூட்டு வலி, நகம் சிதைவு. பலருக்குத் தலைமுடியே கொட்டியது. அழகுக்காகவும் ஆரோக்கியத்துக்காகவும் சாப்பிட்டவர்கள்!

“ஐயா, இது இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?” என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கிறேன். பாதரசம் இயற்கையா, செயற்கையா? பூமியில் கிடைக்கும் இயற்கைத் தாதுதான். மெலனின் உற்பத்தியைத் தடுத்துக் கறையை வெளுக்க வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனால்தான் சட்டத்தை மீறிச் சில சிவப்பழகு கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். பக்கத்தில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஒரு புரதக் குறியீடு தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் முடிந்தது. இயற்கை என்ற ஒரு சொல் எதற்கும் நற்சான்று ஆகாது.

நம் சித்த மருத்துவத்திலும் தாதுக்களைப் புடம் போட்டுப் பற்பமாகவும் செந்தூரமாகவும் செய்யும் மரபு உண்டு. முகப்பருவுக்குச் சங்கை இழைத்துப் பூசும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் தாது மருந்து வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், உரிமம் பெற்ற மருந்தாக வாங்குங்கள். பேருந்து நிலையத்தில் பெயரில்லாத டப்பாவில் வாங்காதீர்கள்.

அடுத்த கேள்வி அளவு. துத்தநாகம் நமக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம். இதற்கான அமெரிக்கப் பரிந்துரை ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8. நமக்கு ஏன் கூடுதல்? நாம் அதிகம் சாப்பிடுவது தானியமும் பருப்பும். அவற்றில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. ஷிராஸ் இளைஞரை ரொட்டி முடக்கியதும் இப்படித்தான்.

ஆனால் உச்ச வரம்பு 40 மில்லிகிராம். கடையிலோ 50 மில்லிகிராம் மாத்திரையே கிடைக்கிறது. மருத்துவர் ஒரு காரணத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்தால் அது வேறு. நாமாக மாதக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்? குமட்டல் வரும். அதைவிடப் பெரிய சங்கடம், துத்தநாகம் அதிகமானால் தாமிரம் உடலில் ஏறாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், நரம்பு தளரும். பல்செட்டை ஒட்டவைக்கும் பசையில் துத்தநாகம் இருந்த காலத்தில், அதை அளவுக்கு மேல் பயன்படுத்திய சிலருக்குக் கால் மரத்து நடை தடுமாறியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொலாஜனைப் பிணைக்கத் தாமிரம் வேண்டும் என்று சற்று முன்னால் சொன்னேன் அல்லவா? தழும்பு ஆறட்டும் என்று துத்தநாகத்தை அள்ளி விழுங்குகிறவர், தழும்பு ஆறத் தேவையான தாமிரத்தையே துரத்திவிடுகிறார்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பருவுக்கு மருத்துவர்கள் அடிக்கடி எழுதும் மருந்து டாக்ஸிசைக்ளின். அதையும் துத்தநாக மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால், இரண்டும் வயிற்றிலேயே பிணைந்து, மருந்து சரியாக ஏறாமல் போகலாம். “டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை” என்று நாம் குறை சொல்வோம். ஆகவே என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சத்து மாத்திரை டப்பாவை வீட்டுக்குப் போனதும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளப்பான முகம் சிரிக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இது மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று. அப்படி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கம் சொல்வதைப் பின்பக்கம் மறுக்கிறது. எந்தப் பக்கத்தை நம்புவது?

அப்படியானால் துத்தநாகத்தை எங்கே தேடுவது? நம் அடுக்களையில். 100 கிராம் எள்ளில் சுமார் 7 மில்லிகிராம் இருக்கிறது. பூசணி விதையிலும் ஏறக்குறைய அதே அளவு. முந்திரி, கொண்டைக்கடலை, முட்டை இவற்றில் உண்டு. ஆட்டுக்கறியிலும் நண்டிலும் இருப்பது எளிதாக உடலில் சேரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃபைட்டேட்டை என்ன செய்வது? நம் பாட்டிமார் வழி காட்டியிருக்கிறார்கள். பயறை ஊறவைத்தார்கள், முளைகட்டினார்கள், மாவை இரவெல்லாம் புளிக்கவிட்டார்கள். அப்படிச் செய்யும்போது ஃபைட்டேட் குறைகிறது, தாது உப்பு கூடுதலாக உடலில் சேர்கிறது. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு எள்ளுருண்டை, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். இரும்புச் சத்தை அது தடுக்கும். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதியுங்கள். முகத்துக்கு மட்டுமல்ல, முழு உடம்புக்கும் அது தேவை.

தாது உப்பு நிச்சயமாக உதவும் இடம் இன்னொன்று உண்டு. அது வயிற்றுக்குள் இல்லை, தோலின் மேலே! அரிப்புக்கும் அம்மைக்கும் பூசும் காலமைன் லோஷன் நம் வீடுகளில் இருக்கிறதே, அது துத்தநாக ஆக்ஸைடு. அதன் ரோஜா நிறம் இரும்பு ஆக்ஸைடு தந்தது. இந்த இரண்டு தாதுக்களும் இன்று கறைக்கு எதிராக நமக்குத் துணை நிற்கின்றன. சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக ஆக்ஸைடு புறஊதாக் கதிரைத் தடுக்கும். மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறையைக் கறுக்க வைக்கும். அதைத் தடுக்க இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் உதவுகிறது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்கி, வெளியில் போகுமுன் பூசுங்கள். அதிக நேரம் வெயிலில் நின்றால் மறுபடியும் பூசுங்கள். மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

கறைக்கு வழி சொல்லியாயிற்று. குழிக்கு? குழி உடலின் கட்டுமானத்தில் நேர்ந்த குறை. கட்டுமானத்தில்தான் கைவைக்க வேண்டும். தோலுக்கு அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கும் அகலக் குழிக்கு, ஊசியை உள்ளே செலுத்தி அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் முறை 1995-லிருந்து இருக்கிறது. குறுகி ஆழமான குழிக்குள் வீரியமான அமிலத்தைத் துளி வைத்துக் கொலாஜனைத் தூண்டும் முறையைக் கொரிய மருத்துவர்கள் 2002-இல் எழுதினார்கள். நுண்ணூசி உருளை, லேசர் என்று வேறு முறைகளும் உண்டு. நம் நிறத் தோலில் லேசரின் வீரியம் கூடினால் புதுக் கறை விழும். ஆகவே அழகு நிலையத்தில் செய்துகொள்ளாமல் தோல் மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். மேட்டுத் தழும்புக்கு சிலிக்கான் ஜெல்லும் ஊசியும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் முகத்தைப் பழையபடி ஆக்கிவிடாது. குழி ஆழம் குறையும், பார்வைக்கு மென்மையாகும். இந்த அளவுக்குச் சொல்பவர் நேர்மையான மருத்துவர். நூற்றுக்கு நூறு போய்விடும் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல தழும்பு வைத்தியம் எது தெரியுமா? தழும்பு விழுவதற்கு முன்னால் செய்யும் வைத்தியம். “வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்” என்று சொல்லிச் சொல்லியே எத்தனை முகங்களில் குழி விழவிட்டோம்! பெரிய பெரிய பருவாக, வலியோடு, ஆழமாக வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அடாபலின் போன்ற பூச்சு மருந்துகள் இருக்கின்றன. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டிய மருந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டியது. நகத்தால் கிள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து “என்னடி இது” என்று விருந்தாளி முன்னால் கேட்காதீர்கள். கேட்பதற்குப் பதிலாக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாணவச் செல்வங்களே, சத்துள்ள சாப்பாடு சாப்பிடுங்கள், வெயிலுக்குக் காப்புப் போடுங்கள், பரு இருக்கும்போதே சிகிச்சை எடுங்கள். தாது உப்பு குறைந்திருந்தால், குறைவைக் கண்டறிந்து நிரப்புங்கள். குறையாத உடம்பில் மாத்திரையைக் கொட்டாதீர்கள். தழும்பு இருக்கிற முகத்தோடு குழுப்படத்தில் முன்வரிசையில் நில்லுங்கள். அதற்கு எந்த மாத்திரையும் தேவையில்லை.